நெருப்பு வருதுங்களே!

போன வாரம் வந்தது, என்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்ற வைக்கிற பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயர் கெட்டு இந்த மழை சீசனில் வந்த நாலாவது வண்டி. 1997 மாடல் மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடுகிற கார்புரேட்டர் உள்ள வண்டி, ரிட்டையர்டு வாத்தியார் ஒருவருடையது. எங்கள் பட்டறை மேட்டுப்பாளையத்தில் இருப்பதால், ஊட்டி ஏறப் போய்ப் பாதியில் திரும்புகிற வண்டிகள் பெரும்பாலும் இங்கேதான் ஒதுங்கும். சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி கல்லாறு தாண்டி ஏற்றம் வந்ததும் துப்ப ஆரம்பித்து, பர்லியாருக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றே விட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்குகிறார், பக்கத்து சீட்டில் வீட்டம்மா, வாத்தியாருக்கு வயது எழுபதுக்கு மேல்.

இதற்கு முன்பே மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடுகிறது என்று சொல்லி மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். பெட்ரோல் பம்ப் புதுசு, பிளக் மூன்றும் புதுசு. பெட்ரோலில் கலப்படம் என்று யாரோ சொன்னதால் பங்க்கையும் மாற்றிவிட்டார். பிளக் ஒயர் மட்டும் என்றைக்குப் போட்டது என்று அவருக்கே நினைவில்லை. கேட்டால், "ஒயர் பார்த்தாச்சுங்க, நெருப்பு நல்லா வருதுங்களே!" என்கிறார்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒயரைப் பிடுங்கி, என்ஜின் பாடி பக்கத்தில் காட்டி, டிக் டிக் என்று நீலமாகத் தெறித்தால் ஒயர் நல்ல ஒயர் என்று முடிவு கட்டுகிறார்கள். வெளியே இருப்பது வெறும் காற்று. அதில் நெருப்பு தாண்ட அவ்வளவு வோல்டேஜ் தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் எட்டு ஒன்பது மடங்கு அமுக்கி வைத்த பிறகு, அதே இடைவெளியைத் தாண்ட அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதுவும் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது உள்ளே அடைகிற காற்று அதிகம், அமுக்கமும் அதிகம், தேவைப்படும் வோல்டேஜும் அதிகம். அப்போது கரண்ட் சுலபமான வழி எது என்று பார்க்கும். ஒயரின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால் போதும், அது வழியாக பாடியில் இறங்கிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பழைய ஹோஸை நினைத்துப் பாருங்கள். சும்மா விட்டால் ஒழுங்காகப் போகும். நுனியைக் கட்டை விரலால் அமுக்கினால்தான் நடுவில் இருக்கிற ஓட்டையெல்லாம் பீய்ச்சும். பிடுங்கிக் காட்டிய ஒயரில் நெருப்பு வந்தது என்பது, விரலை எடுத்துவிட்டு ஹோஸ் ஒழுகவில்லை என்று சொல்வது மாதிரி. ஆகவே சார், நெருப்பு வரும், ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும்கூட வரும், அறுந்த இடத்தையும் அது தாண்டிக் குதித்து வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வாத்தியார் வண்டியில் இரண்டாவது சிலிண்டர் ஒயரை மல்டிமீட்டரில் வைத்தேன். ரீடிங்கே இல்லை, உள்ளே அறுந்துவிட்டது. கார்பன் ஒயர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ஓம்ஸ் வரை காட்டலாம், செட்டில் எல்லா ஒயரும் நீளத்துக்குத் தக்கபடி ஒத்துப்போக வேண்டும். ஒயர் நுனியில் பிளக்கை மூடுகிற ரப்பர் தொப்பியை, அதாவது பூட்டைப் புரட்டினால் உள்ளே கடுகு அளவு கருகல். போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்புத் தடம், கரண்ட் இறங்கி இறங்கி விழுந்தது. இந்தக் கோடு விழுந்த பிளக்கைத் துடைத்துப் போடாதீர்கள். புது ஒயர் போட்டாலும் கரண்ட் அதே கோட்டில்தான் நடக்கும்.

ஒயர் அறுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். இதற்குள் தாமிரக் கம்பி கிடையாது, கார்பன் ஏற்றிய நூல்தான் இருக்கிறது. என்ஜின் சூடாக இருக்கும்போதே ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் உள்ளேயே விட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆறிய பிறகு ரப்பர் பூட்டைப் பிடித்து இடமும் வலமும் லேசாகத் திருகி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் கையைத் தட்டிவிடுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எலி கடித்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த டேப் சாதாரணமாக 600 வோல்ட் தாங்கும். இந்த ஒயரில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட் அளவில். என்ன கணக்கு இது?

வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து, வண்டியை ஐடிலில் விட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை ஒயர் மேல் பனி மாதிரி மட்டும் அடியுங்கள். ஒழுகுகிற இடத்தில் நீலமாக மின்னும். கை எதையும் தொடக்கூடாது, சேலைத் தலைப்பு, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டாம், தயவுசெய்து. கார்புரேட்டர் கழுவிய பெட்ரோல் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒயரைப் பிடுங்கி நெருப்பு காட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓடுகிற என்ஜினில் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி சிலிண்டர் டெஸ்ட் பண்ணுவதும் வேண்டாம். போக வழியில்லாத கரண்ட், அந்த வோல்டேஜை உண்டாக்குகிற காயிலையே துளைத்துவிடும். எரியாத பெட்ரோல் வேறு சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அது இருக்கிற வண்டியில் மிஸ்ஸிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டினால் அதுவும் போச்சு, ஒயர் செட் விலையில் அதைத் தொடக்கூட முடியாது.

மாற்றும்போது ஒரு ஒயரைக் கழற்றி, அதே நீளத்தில் புதிதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, "அண்ணே, எது எங்கே?" என்று போன் பண்ணாதீர்கள். சிலிண்டர்கள் எரிகிற வரிசை 800க்கு 1-3-2, அம்பாசடருக்கும் பத்மினிக்கும் 1-3-4-2, மாற்றிப் போட்டால் கார்புரேட்டர் வழியாகப் பட்டாசு வெடிக்கும். பூட் டக்கென்று உட்காருகிற சத்தம் கேட்க வேண்டும், ஒயர் சைலன்சர் மேனிஃபோல்டு மேல் சாயாமல் கிளிப்பில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பையும், உள்ளே சுற்றுகிற ரோட்டாரையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். வாட்டர் வாஷ் விடும்போது என்ஜினுக்குள் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதிகம் ஓடாத பழைய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, வீட்டில் நின்றாலும் ரப்பர் காயும். நான் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்வேன். பழைய செட்டில் மீட்டரில் தேறிய ஒயர்களில் நீளமான ஒன்றைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். வாத்தியாருக்கும் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன், மறுபடி கொண்டை ஊசியில் நின்றால் ராத்திரி எட்டு மணிக்கு அங்கே கடை தேட முடியாது.