பாலடினின் சத்தியம் எங்கே உடைகிறது?

அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகன் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய பாத்திரம் பாலடின்: இரும்புக் கவசம் பூண்டு, அறம் காப்பேன் என்று சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தின் பலத்தில் வாள் வீசுகிற வீரன். புதருக்குள் பதுங்கியிருந்து கோப்ளின் என்ற குட்டிப்பூத இனத்துக் காவலன் ஒருவன்மேல் அம்பு விட்டான். காவலன் செத்தான். அடுத்த நொடியே, சத்தியம் முறிந்துவிட்டது என்று திரை சொன்னது.

“மாமா, அவன் ஊரைக் கொள்ளையடிக்கிற கும்பல். நான் பண்ணதுல என்ன தப்பு?”

எனக்கு வேலையே மென்பொருளைச் சோதிப்பதுதான். அதனால் தப்பு யாருடையது என்பதைவிட, அது எந்த இடத்தில் பதிவாகியிருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன்.

பாலடினை முதலில் படைத்தது கணினி அல்ல. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் 1975ஆம் ஆண்டுத் துணைநூலில் வந்தவன் அவன். நெறி தவறினால் அவன் சக்தி பறிபோகும். தவறினானா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல, மேசையின் அந்தப் பக்கம் ஆட்டத்தை நடத்தும் ஒரு மனிதர் இருப்பார். அவரிடம் வாதாடலாம், கெஞ்சலாம். கணினியில் அந்த நாற்காலி காலி. அங்கே உட்கார்ந்திருப்பவை சில மாறிகள், அதாவது நிரல் குறித்துவைத்துக்கொள்ளும் மதிப்புகள்.

ஆட்டத்தில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உங்களோடு என்ன உறவு என்று ஒரு குறிப்பு உண்டு: நண்பன், பகைவன், இரண்டுமில்லாதவன். நீங்கள் அடித்ததும் நிரல் அந்தக் குறிப்பைப் பார்க்கும். ‘பகைவன்’ என்றிருந்தால் அது போர். ‘இரண்டுமில்லாதவன்’ என்றிருந்தால் அப்பாவியைத் தாக்கிய கணக்கு. உடனே 0 என்றிருந்த ஒரு மதிப்பு 1 ஆகும். அவ்வளவுதான் சத்தியம். அந்தக் காவலன் இவனை இன்னும் பார்க்கவில்லை, அதனால் பகைவன் ஆகவுமில்லை. கொள்ளைக்காரன் என்ற கதை நம் மருமகன் மனதில் இருந்தது. நிரல் பார்த்த இடத்தில் இல்லை.

அதே காவலனிடம் நேரே போய்ப் பேசி, வம்பு வளர்த்து, அவனே வாளை உருவியபின் கொன்றிருந்தால் சத்தியம் பத்திரமாக இருந்திருக்கும். எனக்கு இது கொஞ்சம் அபத்தமாகத்தான் படுகிறது. ஆனால் நோக்கத்தைப் பார்க்க நிரலுக்கு வழி ஏது? அதற்குக் கிடைப்பது பொத்தான் அழுத்தல் மட்டும்தானே.

இதைவிட நுட்பமாகச் செய்த பழைய ஆட்டம் ஒன்று உண்டு. ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட ‘அல்டிமா 4’. நேர்மை, இரக்கம், வீரம், மானம் என எட்டு நற்பண்புகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு எண். சித்திரகுப்தன் கணக்கு மாதிரி, எண் நம் கண்ணில் படாது. அதில் மூலிகை விற்கும் கண் தெரியாத ஒரு கடைக்காரி வருவாள். எவ்வளவு காசு வைக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்து வைத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் நேர்மைக் கணக்கில் புள்ளி குறையும். பல மணி நேரம் கழித்து, நேர்மையில் தேறவேண்டிய கட்டத்தில்தான் அது உறைக்கும். எந்தச் செயலுக்கு இந்தத் தண்டனை என்றுகூடப் புரியாது. அதற்குள் எத்தனை முறை சேவ் செய்திருப்போம், அதாவது ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்திருப்போம்! பிழை அந்தச் சேவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும்.

‘பால்டர்ஸ் கேட் 3’ அப்படி இல்லை, உடனே சொல்லிவிடும். சொன்னால் என்ன ஆகும்? F8 அழுத்தினால் பழைய சேவ் வரும். 1 என்றிருந்தது திரும்ப 0. விளைவு உடனே தெரிந்தால் அதை அழிப்பதும் சுலபம். இதனால்தான் என் ஓட்டு 1985க்கு.

நம் ஆள் F8 அழுத்தவில்லை. அன்றிரவு முகாமில் கறுத்த கவசம் அணிந்த வீரன் ஒருவன் வந்து நின்றான். சத்தியம் முறித்தவனாகவே புதிய சக்திகளோடு தொடரலாம், அல்லது 1000 பொன் கொடுத்துச் சத்தியத்தை மீட்டுக்கொள்ளலாம். இவன் பையில் இருந்தது 600 சொச்சம். செத்த காவலனிடமிருந்து எடுத்த வில்லையும் சேர்த்து விற்கக் கிளம்பினான்.