ஏற்பி: ரிசெப்டர் என்ற சொல்லும், மருந்து வந்து அமரும் குழியும்

எந்த மருந்தின் விளக்கத்தைப் படித்தாலும் ரெண்டாவது வரியிலேயே 'ரிசெப்டர்' வந்துவிடும். வலியைக் குறைக்கும் மார்ஃபின் என்றால் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) ரிசெப்டர், பதற்றத்தைக் குறைக்கும் டயசிபாம் என்றால் காபா (மூளையில் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் வேதிப்பொருள்) ரிசெப்டர். மருந்து வந்து பிணையும் புரதம் இது, தமிழில் ஏற்பி என்கிறோம். நல்ல சொல், ஆனால் பல இடங்களில் அது வெறும் மொழிபெயர்ப்பாகவே நின்றுவிடுகிறது, நரம்பணுவின் மேல் அந்தப் பொருள் எப்படி இருக்கிறது, அதன் வடிவம் எந்த மருந்தை உள்ளே விடுகிறது, எதை விடுவதில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இங்கே அதைச் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் மூலம். லத்தீனில் 'ரெசிபெரே' என்றால் பெற்றுக்கொள்ளுதல். மருத்துவர் சீட்டின் தலையில் போடும் ஆர்எக்ஸ் குறியும் இதே வினையின் ஏவல் வடிவத்திலிருந்து வந்ததுதான். மருந்தியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் இருவர். ஜெர்மனியில் பால் எர்லிக், நச்சுப்பொருள்கள் உயிரணுவின் மேலுள்ள 'பக்கச் சங்கிலி'களைப் பற்றிக்கொள்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார், 1900 வாக்கில் அவற்றுக்கு ரிசெப்டர் என்று பெயர் வைத்தார். கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி வேறு வழியில் வந்தார். தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அது சிதைந்துபோன பிறகும் நிக்கோட்டினைத் தசையில் வைத்தால் அது சுருங்கியது, குராரே என்ற நஞ்சைக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் நின்றது. அப்படியானால் மருந்து வேலை செய்யும் இடம் நரம்பு இல்லை. ஆனால் குராரே கொடுத்த தசையை நேராக மின்சாரத்தால் தூண்டினால் அப்போதும் சுருங்குகிறது, ஆகவே சுருங்கும் பொருளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டி, 1905இல் அதை 'ஏற்கும் பொருள்' என்றார். கண்ணால் பார்க்காத ஒன்றை இவ்வளவு துல்லியமாக ஊகித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

அதைக் கையில் எடுக்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரம் பாய்ச்சும் மீன்களின் உடலில் இந்த ஏற்பி மிக அடர்த்தியாக இருக்கிறது. கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சில் உள்ள புங்காரோடாக்சின் அதைப் பிடித்தால் லேசில் விடாது. அந்த நஞ்சை அடையாளமாக வைத்து, பாரிஸில் ழான்-பியர் ஷான்ஷூவின் குழு ஏற்பியைப் பிரித்தெடுத்தது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஏல் என்பது வேர். ஏற்றல் என்றால் வாங்கிக்கொள்ளுதல். ஆனால் அதே வேரிலிருந்துதான் 'அதற்கேற்ற', 'காலத்துக்கேற்ப' என்பவையும் வருகின்றன, அங்கே பொருள் பொருந்துதல். லத்தீன் மூலத்தில் வாங்குதல் மட்டும்தான் உண்டு, தமிழில் வாங்குதலும் பொருந்துதலும் ஒரே வேரில் கிடக்கின்றன. ஏற்பியின் வேலையே பொருந்துவதை மட்டும் வாங்குவது என்பதால், ஒலிவாங்கி மாதிரி 'வாங்கி' என்று வைப்பதைவிட இதுவே சரி என்பது என் கருத்து. ஒரு குழப்பம் மட்டும் உண்டு. தோலில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனையையும் ஆங்கிலத்தில் ரிசெப்டர் என்றே சொல்வார்கள். அதற்கு உணர்வேற்பி என்று எழுதிவிட்டு, புரத மூலக்கூறுக்கு ஏற்பி என்பதை ஒதுக்கிவிட்டால் சிக்கல் இல்லை.

இப்போது வடிவம். லாங்லி தேடிய அந்த நிக்கோட்டின் ஏற்பி ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்கும் அமைப்பு. நரம்பு தசைக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் அமரும் குழி எந்தத் துண்டின் நடுவிலும் இல்லை, இரண்டு துண்டுகள் சேரும் விளிம்பில் இருக்கிறது. குழியின் சுவரில் டிரிப்டோஃபான், டைரோசின் என்ற வளையமுள்ள அமினோ அமிலங்கள் நிற்கின்றன, அசிட்டைல்கோலினின் நேர்மின்னூட்டத்தை டிரிப்டோஃபானின் தட்டையான முகம் இழுத்துப் பிடிக்கிறது. தசையிலும் இதே குழிதான், மூளையிலும் இதே வளையங்கள்தான். அப்படியிருக்க, புகைப்பவரின் மூளை நிக்கோட்டினுக்கு அடிமையாகிறதே, அவருடைய தசைகள் ஏன் இறுகிப்போவதில்லை? 2009இல் இதற்கு விடை வந்தது. குழிக்குப் பக்கத்தில், குழியைத் தொடாத ஒரே ஓர் இடத்தில், தசை ஏற்பியில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, மூளையின் ஆல்ஃபா4-பீட்டா2 வகையில் (அதன் துண்டுகளின் பெயர்கள் இவை) லைசின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. அந்த ஒரு மாற்றம் குழியின் வடிவத்தைச் சற்றே திருத்துகிறது, அதனால் மூளையில் மட்டும் நிக்கோட்டின் டிரிப்டோஃபானோடு நெருங்கிப் பிணைகிறது. தசை ஏற்பியில் அந்தக் கிளைசினை எடுத்துவிட்டு லைசினை வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் நிக்கோட்டின் வலுவாகப் பிடித்துக்கொண்டது.

காபா-ஏ ஏற்பியும் ஐந்து துண்டுதான், பெரும்பாலும் ரெண்டு ஆல்ஃபா, ரெண்டு பீட்டா, ஒரு காமா. காபா அமர்வது பீட்டாவும் ஆல்ஃபாவும் சேருமிடத்தில், டயசிபாம் அமர்வது ஆல்ஃபாவும் காமாவும் சேருமிடத்தில். ஆகவே டயசிபாம் காபாவோடு இடத்துக்குப் போட்டி போடுவதில்லை, தானாகத் துளையைத் திறப்பதும் இல்லை. காபா வரும்போது துளை அடிக்கடி திறக்கும்படி செய்கிறது, அவ்வளவுதான். இந்த மாதிரிப் பிணைப்பை அல்லோஸ்டெரிக் என்பார்கள், கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு. வேற்றிடப் பிணைப்பு என்று சொன்னால் தமிழில் விளங்கிவிடும். இங்கும் ஒற்றை அமினோ அமிலம்தான் வாசலைக் காக்கிறது. ஆல்ஃபா1, 2, 3, 5 ஆகியவற்றில் அந்த இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது, டயசிபாம் பிணைகிறது. ஆல்ஃபா4, ஆல்ஃபா6 இரண்டிலும் அங்கே ஆர்ஜினின், டயசிபாம் பிணைவதில்லை. 1999இல் எலிகளின் ஆல்ஃபா1 துண்டில் மட்டும் ஹிஸ்டிடினை ஆர்ஜினினாக மாற்றினார்கள். டயசிபாம் கொடுத்தால் அந்த எலிகளுக்கு வழக்கமான மந்தம் வரவில்லை, ஆனால் பதற்றம் குறைந்தது. ஒரே மருந்து என்று நாம் நினைக்கும் ஒன்றின் இரண்டு விளைவுகள் இரண்டு வகைத் துண்டுகள் வழியாக நடக்கின்றன!

குழியில் அமர்ந்தாலே வேலை நடந்துவிடும் என்றும் இல்லை. என்சைம்களுக்கு எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு-சாவி உவமையை ஏற்பிக்கும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள், ஆனால் சாவி நுழைந்ததும் பூட்டின் உடம்பு வளைவதில்லை, ஏற்பியின் உடம்போ வளைகிறது. ஓபியாய்டு ஏற்பி உயிரணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஒற்றைப் புரதம். அதில் மியூ என்ற வகையின் வடிவம் 2012இல் வெளியானது, குழி வெளிப்பக்கம் அகலமாகத் திறந்திருப்பது அப்போது தெரிந்தது. ஆக்சிமார்ஃபோன் என்ற வலி மருந்தையும், ஓபியாய்டு மிகையானவரின் மூச்சை மீட்கும் நலாக்சோனையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். நைட்ரஜனில் ஒன்றுக்கு ஒரு கார்பன், மற்றதுக்கு மூன்று கார்பன் கொண்ட வால், மற்றபடி வேறுபாடே இல்லை. இரண்டும் அதே குழியில்தான் அமர்கின்றன, முதலாவது ஏற்பியை வேலை செய்யும் வடிவத்துக்குக் கொண்டுபோகிறது, இரண்டாவது இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே நிறுத்தி வைக்கிறது. முதலாவது வகை அகோனிஸ்ட், தமிழில் இயக்கி. அடுத்தது ஆன்டகோனிஸ்ட், அது எதிர்ப்பி. மருந்து ஏற்பியைத் தாக்கி அழிப்பதில்லை என்பதால் 'எதிரி' என்று எழுதாமல் எதிர்ப்பி என்றே எழுதலாம்.

எவ்வளவு நேரம் தங்கும் என்பதும் வடிவத்தைப் பொறுத்ததுதான். 2017இல், செரடோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பி ஒன்றில் எல்எஸ்டி என்ற மாயத்தோற்றப் போதைப்பொருள் அமர்ந்திருக்கும் நிலையைப் படமெடுத்தார்கள், ஏற்பியின் ஒரு மடிப்பு மேலே கவிந்து மூலக்கூறை உள்ளே வைத்திருந்தது. அந்த மடிப்பைத் தளர்த்தினால் எல்எஸ்டி சீக்கிரம் வெளியேறிவிடுகிறது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'காபா ஏற்பி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். காபா-பி ஏற்பியும் அதே காபாவைத்தான் வாங்குகிறது, ஆனால் அதற்கு ஐந்து துண்டும் இல்லை, நடுத் துளையும் இல்லை. ஓபியாய்டு ஏற்பி மாதிரி சவ்வை ஏழு முறை ஊடுருவும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் அங்கேதான் போய் அமர்கிறது, டயசிபாமுக்கு அங்கே இடமே கிடையாது.