விழுந்த மரத்தைப் படம் எடுத்து என்ன பயன்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பொங்கல் வருவதற்குள், வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு எப்படியும் நாலைந்து மர வழக்குகள் வந்துவிடும். இந்த வருடம் ஏழு. ஏழு பேரும் நாற்காலியில் உட்காரும்போதே சொன்னது ஒன்றுதான்: “மேடம், அவங்க மரம். அப்போ அவங்கதானே பணம் தரணும்?” அப்படி இல்லை என்று ஏழாவது ஆளுக்கும் விளக்கிச் சொல்லி அனுப்பிய பிறகுதான், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த ஏழாவது ஆள் நங்கநல்லூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். ஓய்வுபெற்றவர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். பக்கத்து வீட்டுத் தென்னை பாதியில் முறிந்து, மதில் சுவரைத் தாண்டி, இவர் வீட்டுத் தகரக் கூரை மீதும் அதன் கீழே நின்ற காரின் மீதும் விழுந்திருக்கிறது. 42 போட்டோ கொண்டுவந்திருந்தார். ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் தேதி எழுதி, பிளாஸ்டிக் கவரில் வைத்து.

“விழறதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணாவது இருக்கா சார்?” என்று கேட்டேன்.

“அதை எதுக்கும்மா எடுக்கணும்? அப்போ மரம் நல்லாத்தானே நின்னுது?”

இந்தப் பதிலைச் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுத்த கேள்வியே கேட்க மாட்டார். மரம் நன்றாக நின்றது என்று பாதிக்கப்பட்டவரே சொல்லும்போது, அது விழும் என்று மரத்தின் சொந்தக்காரருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மரம் யாருடையது என்பதை வைத்து மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. “என் மரம் விழுந்தால் நான் தர மாட்டேனா?” என்று கேட்கிறார்கள். நீங்கள் நல்ல மனிதர், தருவீர்கள். ஆனால் நீதிமன்றம் உங்களைத் தரச் சொல்ல வேண்டுமென்றால் அதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தின் பெயர் கவனக்குறைவு. அந்த மரம் ஆபத்தான நிலையில் இருந்ததா? அது சொந்தக்காரருக்குத் தெரியுமா, அல்லது பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டிய நிலையா? தெரிந்தும் சும்மா இருந்தாரா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று நிரூபித்தால்தான் பணம். பச்சைப் பசேலென்று நின்ற வேப்பமரம், உள்ளே வேர் அழுகியது யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு ராத்திரியில் சாய்ந்தால், கூரை போனது உங்களுக்கு, மரம் போனது அவருக்கு. கசப்பாகத்தான் இருக்கும். சட்டம் அப்படித்தான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு. மரத்துக்குச் சொந்தக்காரர் கையை மேலே தூக்கிக் காட்டி, “இயற்கைச் சீற்றம், நான் என்ன செய்ய முடியும்?” என்பார். காற்றடித்தால் எல்லாமே கடவுள் செயல் ஆகிவிடாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. தெருத் தெருவாகத் தூங்குமூஞ்சி மரங்களும் குல்மோஹரும் வேரோடு சாய்ந்தன. அந்த மாதிரி ஒரு நாளில் நல்ல மரம் விழுந்ததற்கு இந்த வாதம் எடுபடலாம். ஆனால் நவம்பர் மாதத்தில் சென்னையில் மழை பெய்வது யாரும் எதிர்பாராத விஷயமா? பக்கத்தில் நிற்கும் முருங்கையின் கிளைகூட முறியாத காற்றில் ஒரு தென்னை இரண்டாக ஒடிந்தால், காரணம் காற்றில் இல்லை, தென்னையில் இருக்கிறது. அதனால்தான் கட்சிக்காரர்களிடம் சொல்கிறேன்: விழுந்த மரத்தைப் படம் எடுக்கும்போது, விழாமல் நிற்கும் மரங்களையும் சேர்த்து எடுங்கள்.

சரி, தெரிந்திருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? ஒரு கடிதம் போதும். விழுவதற்கு முன்னால் எழுதிய கடிதம்.

பெரிய சட்டத் தமிழெல்லாம் வேண்டாம். “தங்கள் வீட்டுப் பின்பக்க மூலையில் உள்ள தென்னை எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்துள்ளது. தண்டில் ஓட்டைகள் தெரிகின்றன, பழுப்பு நிறச் சாறு வடிகிறது. மழைக்கு முன் ஆள் வைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இன்று எடுத்த படங்கள் இணைப்பில்.” தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போடுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். நேரில் போய் ஒரு காபி குடித்துக்கொண்டே சொல்லுங்கள், நல்லதுதான். சொல்லிவிட்டு வந்து, “காலையில் பேசியபடி” என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னதை ஐந்து வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் நிரூபிக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்று, போனை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். மூலச் செய்தி கையில் இருந்தால் அது சுலபம்.

கடிதம் போட்டும் அவர் அசையவில்லை என்றால்? விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மரம் விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவு. ‘மரம்’ என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் படங்களோடும் கடித நகலோடும் மனுக் கொடுக்கலாம். இத்தனை வருடத்தில் இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு என்னிடம் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பூட்டிக் கிடக்கும் வீடு, பிள்ளைகள் அமெரிக்காவில், தோட்டத்தில் யாரும் பார்க்காத மரம். மாம்பலம், அடையாறு பக்கமெல்லாம் இது சகஜம். யாருக்குக் கடிதம் போடுவது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த வீட்டு முகவரிக்கே போடுங்கள். வாட்ச்மேனிடமோ தெருச் சங்கத்திலோ மகனின் எண்ணை வாங்கி அதற்கும் அனுப்புங்கள். ஊரில் இல்லை என்பது சொந்தக்காரரின் பொறுப்பைக் குறைக்காது.

கிளையை நீங்களே வெட்டலாமா என்று கேட்பீர்கள். உங்கள் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை, உங்கள் பக்கம் நின்றபடி, எல்லைக்கோடு வரை வெட்டலாம். மதில் ஏறி அவர் பக்கம் இறங்கக் கூடாது. வெட்டிய கட்டையும் தேங்காயும் அவருடையது. இதில் ஒரு எச்சரிக்கை: ஒரு பக்கக் கிளைகளை மட்டும் மொட்டையடித்தால் மரம் மறுபக்கம் பாரம் தாங்காமல் சாயும். வேருக்கும் இதேதான். மடிப்பாக்கத்தில் ஒருவர் பக்கத்து வீட்டு மாமரம் தன் மதிலை இடித்துவிட்டது என்று ஆவேசமாக வந்தார். நோட்டீஸ் தயாரிப்பதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்தேன். தூக்கி நின்ற வேர்த் தட்டில் ஒரு பக்கம் முழுக்க வேர்கள் கத்தியால் சீவியது போல நேராக அறுந்திருந்தன. அவருடைய புது சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, பள்ளம் தோண்டிய ஜேசிபி அறுத்த வேர்கள். வழக்குப் போடாதீர்கள், போட்டால் நீங்கள்தான் அவருக்கு மரத்துக்கும் சேர்த்துப் பணம் தருவீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். மதில் ஓரம் அஸ்திவாரமோ சம்ப்போ தோண்டும்போது, அந்தப் பக்கம் மரம் நிற்கிறதா என்று தயவுசெய்து எட்டிப் பாருங்கள்.

தெருவோர மரம் என்றால் பொறுப்பு மாநகராட்சியுடையது. இங்கும் அதே கேள்விதான். 1964-இல் டெல்லியில் ஸ்கூட்டரில் போன ஒருவர் தலையில் சாலையோர மரத்தின் கிளை முறிந்து விழுந்து, அவர் இறந்துபோனார். மரம் பட்டுப்போய், பட்டையும் இலையும் இல்லாமல் நின்றிருந்தது. பார்த்தாலே தெரியும் ஆபத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு மாநகராட்சிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 1999-இல். கூட்டிக் கழித்துப் பாருங்கள், 35 வருடம். அதனால் உங்கள் தெருவில் பட்ட மரம் நின்றால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் செய்து, வரும் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஆள் வைத்து வெட்டிவிடாதீர்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

மரம் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதலில் கம்பி. மரத்தில் மின்கம்பி சிக்கியிருந்தால் ஈ.பி. ஆட்கள் வந்து லைனைத் துண்டிக்கும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது, மழை நின்றிருந்தாலும். அப்புறம்தான் படம். வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமிருந்தும், முறிந்த இடத்தைக் கிட்டத்தில், ஒரு ஸ்கேலோ கைக்குட்டையோ பக்கத்தில் வைத்து. அடிமரத்தில் பொந்து, காளான், வண்டு துளைத்த ஓட்டை இருந்தால் அந்தத் துண்டை லாரியில் ஏற்ற விடாதீர்கள். நங்கநல்லூர் பெரியவர் வீட்டில் மதியத்துக்குள் மரத்தை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். வழி கிடைத்ததே என்று அவருக்கு நிம்மதி. எனக்கோ சாட்சி லாரியில் போய்விட்டதே என்ற வருத்தம்.

அப்புறம், தயவுசெய்து உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சண்டை போட்டுக்கொண்டே ஆறு மாதம் கழித்து வந்து, காருக்கு முழுக் காப்பீடு இருந்தது என்று சொல்கிறவர்களை என்ன சொல்வது? சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த வாகனக் காப்பீட்டில் புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் கிடைக்காது. வீட்டுக்கு, 2021 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனங்களும் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் மரம் விழுந்து ஏற்படும் சேதத்தையே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி எடுக்க வைத்த பாலிசி பீரோவில் கிடக்கும், தேடுங்கள். உடனே தகவல் கொடுங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும் முன் காரை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துவிடாதீர்கள். தவறு பக்கத்து வீட்டாருடையது என்றால் அவரிடம் வசூலிப்பதைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

மரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடிதம் வந்தால் கோபப்படாதீர்கள். அன்று முதல் உங்களுக்குத் ‘தெரியும்’. வீட்டில் குடியிருப்பவர் வாடகைதாரர் என்றால் அவருக்கு வந்த கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வழி செய்யுங்கள். மரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், என்ன செய்தீர்கள் என்பதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து யாராவது இறந்துவிட்டால் இழப்பீட்டோடு நிற்காது, கவனக்குறைவால் மரணம் என்று குற்ற வழக்கும் வரலாம். பயந்துபோய் நல்ல மரத்தை வெட்டிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வர்தாவில் போன நிழல் பல தெருக்களில் இன்னும் திரும்பவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, ஆடி ஆவணியில், அண்ணாந்து ஒரு பார்வை, குனிந்து வேரடியில் ஒரு பார்வை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் இல்லை, முன்பு எடுத்த படம் இல்லை, மரத்துண்டும் இல்லை. கடைசியில் அவர் மனைவியின் போனில் தெரு வாட்ஸ்அப் குரூப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனோம். மின்வெட்டு, தண்ணீர் லாரி, கோயில் பிரசாதம் என்று நூற்றுக்கணக்கான செய்திகள். ஜூன் மாதத்தில் ஓரிடத்தில், பக்கத்து வீட்டுக்காரரே எழுதியிருந்தார்: “நம்ம தெருவுல தென்னை ஏற ஆள் நம்பர் யார்ட்டயாவது இருக்கா? எங்க மரத்துல வண்டு புடிச்சிருக்கு, ஒரு மரம் ரொம்ப மோசம்.” இரண்டு பேர் கட்டை விரலைக் காட்டியிருந்தார்கள். எண் யாரும் தரவில்லை, அவரும் அதற்குப் பிறகு தேடவில்லை.

அந்தச் செய்தியை நோட்டீஸில் அப்படியே எடுத்துப் போட்டேன். பத்து நாளில் பேச வந்துவிட்டார்கள். காருக்குக் காப்பீடு கொடுத்தது, கூரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார், வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்துக் கிளம்பும்போது பெரியவர் வாசலில் நின்று திரும்பினார்.

“ஏம்மா, அவங்க வீட்டுல இன்னும் ரெண்டு தென்னை நிக்குது. ஒண்ணுல ஓட்டை இருக்கிற மாதிரி இருக்கு.”

அங்கேயே உட்கார வைத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கூடவே நிற்கும் மரத்தின் படங்கள், மூன்று.