முந்திரிக்கொட்டைக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

போன வாரமும் ஒருவர் வந்தார். பண்ருட்டிப் பக்கம் ஆலை வைத்திருப்பவர். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து முந்திரிக்கொட்டை அனுப்புவதாக வாட்ஸ்அப்பில் வந்த பேச்சை நம்பி அட்வான்ஸ் கட்டிவிட்டார். சரக்கு தூத்துக்குடிக்கு வரவே இல்லை. கொட்டையாக ஏற்றுமதி செய்ய 2024 ஏப்ரல் 1 முதல் பெனின் தடை போட்டது என்றேன். "ஆப்பிரிக்காவுல விக்காம வச்சு என்ன சார் பண்ணுவாங்க?" என்றார்.

சுங்க முகவராக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உடைப்பார்கள் ஐயா! பெனினின் கோட்டோனூ நகருக்கு அருகே குளோ-ஜிக்பேயில் அதற்கென்றே தொழிற்பேட்டை போட்டிருக்கிறார்கள். காபோன் 2010-லேயே மரத்தை அறுக்காத தடியாக அனுப்புவதை நிறுத்தியது. ஜிம்பாப்வே 2022-லும் நமீபியா 2023-லும் லித்தியத் தாதுவுக்குக் கதவை மூடின. கூலி தங்கள் ஊரிலேயே தங்கட்டும் என்கிறார்கள். நியாயம்தானே? வாங்கச் சீனா, வியட்நாம், வளைகுடா என்று வரிசை நிற்கும்போது அவர்கள் ஏன் இறங்கி வரவேண்டும்? 2023-இல் டெல்லியில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20 உறுப்பினரானது. நம் வியாபாரிகள் கண்ணில் மட்டும் அது படவில்லை.

இன்னொன்று: ஆப்பிரிக்கா ஒரு நாடு அல்ல. ஐ.நா.வில் 54 நாடுகள். ஐவரி கோஸ்டில் யூரோவோடு மதிப்பைக் கட்டிய பிராங்க் நாணயம். நைஜீரியாவில் 2023-இல் மதிப்பு சரிந்த நைரா. மேற்கே அறுவடை பிப்ரவரி வாக்கில் தொடங்கும்; தான்சானியாவில் அக்டோபரில். அங்கே கூட்டுறவுச் சங்கம் வழியாக ஏலத்தில்தான் கொட்டை விற்கும். "நேராக விவசாயியிடம் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவன் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். கண்டம் முழுவதற்குமான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2021-இல் வர்த்தகம் தொடங்கியது உண்மைதான். அதற்காக ஒரு நாட்டுக் காகிதம் இன்னொரு நாட்டில் செல்லாது.

தெரியாதவருக்கு முன்பணம் வேண்டவே வேண்டாம், எல்.சி. (சரக்கு ஏற்றிய ஆவணம் வந்தால்தான் பணம் தரும் வங்கிக் கடன் கடிதம்) திறங்கள். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதை, விற்பவர் சொல்லை நம்பாமல், ஏற்றும் துறைமுகத்தில் மூன்றாம் தரப்பை வைத்துப் பாருங்கள். இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு அனுப்புபவர்களுக்கும் சொல்கிறேன்: நைஜீரியா என்றால் வாங்குபவர் தன் வங்கி மூலம் 'ஃபார்ம் எம்' என்ற இறக்குமதிப் படிவத்தைத் திறந்த பிறகே கன்டெய்னரை ஏற்றுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு என்னிடம் ஓடி வந்து பயனில்லை.

ஒவ்வொரு சீசனிலும் விதி மாறுகிறது. தயவுசெய்து, பணம் கட்டுவதற்கு முந்தைய நாளாவது ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் முகவரிடம் போய் உட்காருங்கள்.