பஞ்சு அடைக்கிறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைங்க

இந்த மாசத்துல இது நாலாவது வீடு. அட்டிக்னா சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்குற இடம், அதோட மூடியைத் தூக்கி தலையை உள்ள விட்டு டார்ச் அடிச்சா, கூரைப் பலகைல இருந்து கீழ நீட்டிட்டு இருக்குற ஒவ்வொரு ஆணி முனைலயும் ஒரு சொட்டு தண்ணி தொங்குது. அதுக்கு நேர் கீழ, புதுசா விரிச்ச இன்சுலேஷன் (சூடு போகாமத் தடுக்குற பஞ்சு) மேல, ஆணிக்கு ஒண்ணுன்னு பழுப்பு வட்டம். பலகை பூரா கருப்பா பூஞ்சை. கீழ ஏணியைப் புடிச்சிட்டு நிக்கிற வீட்டுக்காரர் கேக்குறார், "என்ன தம்பி, போன வருஷம்தான் பழசு மேல இன்னொரு லேயர் போட்டோம், கரண்ட் பில்லும் குறையல, குளிரும் குறையல, இப்ப பெட்ரூம் சீலிங்ல கறை வேற, கூரை ஒழுகுதா?"

கூரை ஒழுகல சார். உங்க பாத்ரூம் ஒழுகுது, மேல் பக்கமா.

பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனோட பைப் வெளிய போகவே இல்ல. அட்டிக்குள்ள வந்து அப்படியே வாயைத் திறந்துட்டு படுத்திருக்கு, அதுக்கு மேலயே பஞ்சை விரிச்சுட்டு போயிருக்காங்க. குளிச்சு வர்ற ஆவி மொத்தமும் நேரா மேல ஏறி, குளிர்ந்து கிடக்குற பலகைல பட்டு தண்ணியா மாறி, திரும்ப கீழ சொட்டுது. முன்னாடி ஒரு லேயர் இருந்தப்போ வீட்டுச் சூடு கொஞ்சம் கசிஞ்சு அட்டிக்கை ஓரளவு வெதுவெதுப்பா வச்சிருந்துச்சு, ரெண்டாவது லேயர் அந்தச் சூட்டைக் குறைச்சுருச்சு, ஆவியை மட்டும் விட்டுருச்சு. அதாவது செலவு பண்ணி பிரச்சனையைப் பெருசாக்கிட்டார். வேலை செஞ்சவங்க அந்த பைப்பைப் பாக்காம இருந்திருக்க முடியாது, அது மேலதானே பஞ்சைப் போட்டிருக்காங்க. கேட்டா "இன்சுலேஷன் போடச் சொன்னீங்க, போட்டோம்"னு பதில் வரும், எனக்கு மனப்பாடம்.

இப்போ எனக்கு ரொம்ப எரிச்சலைக் கிளப்புற விஷயத்துக்கு வர்றேன். பத்து பேர்ல ஒன்பது பேர் நினைக்கிறது இன்சுலேஷன்னா காத்தை நிறுத்துற சாமான்னு. இல்லவே இல்ல. கிளாஸ் ஊல் (கண்ணாடி இழை), ராக் ஊல் (கல் இழை), ஊதி நிரப்புற செல்லுலோஸ் (காகித இழை) எதுவா இருந்தாலும் சரி, அது வேலை செய்யறதே உள்ள சிக்கியிருக்குற அசையாத காத்தாலதான். பஞ்சுக்குள்ள காத்து ஓட ஆரம்பிச்சிட்டா கதை முடிஞ்சுது. கிளாஸ் ஊலைப் போட்டு காத்துக் கசிவை நிறுத்துறது கொசுவலையைக் கட்டி காத்தை நிறுத்துற மாதிரி. நம்பலைன்னா ஒரு துண்டு கிளாஸ் ஊலை வாய்க்கு முன்னாடி புடிச்சு ஊதிப் பாருங்கன்னு சொல்ல வாய் வருது, ஆனா செஞ்சிடாதீங்க, அந்த இழை மூச்சுல போனா தொண்டை அரிப்பு லேசுல விடாது. சூடான காத்து மேல போகும்ங்கறதை நான் விளக்க வேண்டியதில்ல, மேல ஒரு பக்கம் அது வெளியேறினா கீழ கதவு இடுக்கு வழியா குளிர்காத்து உள்ள வந்தே தீரும், கால் சில்லுன்னு இருக்குன்னு சொல்றவங்க வீட்டுலயும் நான் முதல்ல ஏர்றது அட்டிக்குத்தான்.

அந்த ஓட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க மெஷினெல்லாம் பெரும்பாலும் வேணாம். பழைய கிளாஸ் ஊலைத் தூக்கிப் பாருங்க, மஞ்சளோ ரோஸோ இருக்க வேண்டியது சில இடத்துல மட்டும் கருப்பா புகை படிஞ்ச மாதிரி இருக்கும். நிறைய பேர் அதைப் பூஞ்சைன்னு நினைச்சுப் பயந்து பிச்சுப் போட்டுடுவாங்க. பெரும்பாலும் அது வீட்டுத் தூசி. வருஷக்கணக்கா அந்த இடத்து வழியா காத்து போய்ப் போய் பஞ்சு ஃபில்டர் மாதிரி தூசியைப் புடிச்சு வச்சிருக்கு. கருப்புக்கு நேர் கீழ பாத்தா ஓட்டை இருக்கும், ஒயர் இறங்குற துளை, சாக்கடைக் குழாயைச் சுத்தி விட்ட இடைவெளி, டவுன்லைட் (சீலிங்குக்குள்ள பதிச்ச லைட்), சிம்னியைச் சுத்தி, உள்சுவர் உச்சில ஜிப்சம் போர்டும் மரமும் சேர்ற இடுக்கு. சின்ன துளைக்கு சீலன்ட், கொஞ்சம் பெருசுன்னா ஸ்ப்ரே ஃபோம், இன்னும் பெருசுன்னா போர்டு வெட்டி வச்சு ஓரத்துல சீலன்ட். சிம்னி, கேஸ் ஃபுளூ (கேஸ் ஹீட்டரோட புகைக்குழாய்) பக்கத்துல மட்டும் ஃபோமைக் கொண்டு போகாதீங்க, அங்க தகடு வெட்டி வச்சு சூடு தாங்குற சீலன்ட்தான்.

அப்புறம் அந்த மூடி. நீங்க ஏறிப் போற மூடியைத்தான் சொல்றேன். அட்டிக் 60 சதுர மீட்டர்னு வைங்க, மூடி 0.6 சதுர மீட்டர், நூத்துல ஒரு பங்கு. மத்த இடமெல்லாம் ஆர்-40 போட்டாச்சு (ஆர்னா சூடு போறதை எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு, எண் கூடினா தடுப்பு கூடும்), கிளாஸ் ஊல்ல அது கிட்டத்தட்ட 12 இன்ச் தடிமன். மூடி வெறும் பிளைவுட், ஆர்-1ன்னு வச்சுக்கோங்க. கணக்குப் போட்டா மொத்த அட்டிக்கோட சராசரி ஆர்-29க்கு இறங்கிடும். காத்துக் கசிவைச் சேக்காமலே இந்தக் கணக்கு. நூத்துல ஒரு பங்கு இடம் நாலுல ஒரு பங்கு வேலையைத் தின்னுடுது. மூடி மேல தடியா ஃபோம் போர்டு ஒட்டி, சுத்தி ரப்பர் பட்டை வச்சு, இழுத்துப் பூட்டுற மாதிரி ரெண்டு கொக்கி மாட்டினா முடிஞ்சுது, ஒரு மணி நேர வேலை. நான் பாத்த வீட்டுல பாதிக்கு மேல இது இல்ல.

"அப்போ இன்னும் தடியா போட்டா?"ன்னு கேப்பீங்க. ஆர்-10 இருக்குற இடத்தை 20 ஆக்கினா சீலிங் பஞ்சு வழியா போற சூடு பாதியாகும், நல்ல லாபம். 20ல இருந்து 40க்குப் போனா மிச்சம் இருந்ததுல பாதி. 40ல இருந்து 80க்குப் போனா அதுலயும் பாதிதான், ஆனா சாமான் ரெட்டிப்பு. ஓட்டையை விட்டுட்டு தடிமனை மட்டும் ஏத்துறவங்க இந்தக் கடைசிப் படிலதான் காசைக் கொட்டுறாங்க. அட்டிக்ல எதுவுமே இல்ல, இல்ல மூணு இன்ச்தான் இருக்குன்னா கண்டிப்பா போடுங்க, அதுக்கு நான் எதிரி இல்ல. போட்டுட்டு அது மேலயே பழைய சூட்கேஸ், அட்டைப்பெட்டின்னு அடுக்காதீங்க. அமுங்கின பஞ்சுக்கு பாக்கெட்ல போட்டிருக்குற ஆர் மதிப்பு கிடையாது. ரெண்டாவது லேயர் போடுறீங்கன்னா காகிதம் ஒட்டாததா வாங்கி முதல் லேயருக்குக் குறுக்கா போடுங்க, ரெண்டு லேயருக்கு நடுவுல காகிதம் வந்தா ஈரம் அங்கயே மாட்டிக்கும்.

இன்னொரு வகை ஆளுங்க இருக்காங்க. நான் சொன்னதை அரைகுறையா கேட்டுட்டு இறவாணத்துல இருக்குற வென்ட்டையும் சேத்து அடைச்சிடுவாங்க, "அங்க இருந்துதான் சார் குளிர்காத்து வருது"ன்னு. ஐயா, அது வரணும். அட்டிக் தரைல பஞ்சு போட்ட வீட்டுல அட்டிக் வெளி உலகத்துக்குச் சொந்தம், உங்க வீட்டுக்கு இல்ல. குளிர்காலத்துல அது வெளிய இருக்குற மாதிரி குளிராத்தான் இருக்கணும், அப்பதான் கூரை மேல பனி பெய்யுற ஊர்ல அது உருகி ஓரத்துல போய் ஐஸ் கட்டியா நின்னு தண்ணியை ஓட்டுக்குள்ள ஏத்தாது. காத்து இறவாணத்துல நுழைஞ்சு முகடு வழியா வெளியேறணும். கட்டட விதிகள்ல அட்டிக் தரைப் பரப்புல 300ல ஒரு பங்கு திறப்புன்னு ஒரு கணக்கு இருக்கு, பாதி கீழ பாதி மேல, உங்க ஊர் விதியையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. பஞ்சு ஊதுறப்போ ஓரத்துல அந்த வழியை மூடிடாம இருக்க கைமரத்துக்கு நடுவுல பாஃபிள்னு ஒரு பிளாஸ்டிக் தகடு அடிக்கணும். இதை அடிக்காமப் போறவங்கதான் ஜாஸ்தி, ஏன்னா அந்த மூலைல குப்புறப் படுத்து ஊர்ந்து போகணும், யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

வெயில் ஊர்க்காரங்க மினுமினுன்னு ஃபாயில் ஷீட் பத்தி கேக்குறீங்க. நல்லதுதான், கைமரத்துக்கு அடில, பளபளப்பு கீழ பாத்து, முன்னாடி காத்து இடைவெளி விட்டு அடிச்சா. தரைல பஞ்சு மேல விரிச்சீங்கன்னா கொஞ்ச நாள்ல தூசி படிஞ்சு சாதாரண தாள் ஆயிடும்.

சரி, நீங்களே இறங்கி செய்யப் போறீங்கன்னா நான் கெஞ்சிக் கேக்குறது இது. மேல போனதும் கூழாங்கல் மாதிரி, சாம்பலும் பொன்னிறமும் கலந்த, லேசான துகள் இன்சுலேஷன் கிடக்குதுன்னா கையை வைக்காதீங்க, பெருக்காதீங்க, வேக்குவம் போடாதீங்க, அப்படியே இறங்கி மூடியை மூடிடுங்க. அது வெர்மிகுலைட். அமெரிக்காவுல மொன்டானாவுல இருக்குற லிபி சுரங்கத்துல 1990 வரைக்கும் தோண்டினதுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்துச்சு, அது வட அமெரிக்கா பூரா வீட்டு அட்டிக்ல போயிருக்கு. டெஸ்ட் பண்ணாம தொடவே கூடாது. "ஒரு ஓரமா தள்ளிட்டு வேலை பாத்தேன்"னு ஒருத்தர் என்கிட்ட சிரிச்சிட்டே சொன்னார், எனக்கு சிரிப்பு வரல.

பழைய வீட்டுல பீங்கான் குமிழ்ல இழுத்துக் கட்டின, துணி சுத்தின ஒயர் இருந்தா அதை பஞ்சுக்குள்ள புதைக்காதீங்க, முதல்ல எலக்ட்ரீஷியன். டவுன்லைட் இன்சுலேஷன் தொடலாம்னு மேல எழுதியிருந்தா சரி, இல்லைன்னா சுத்தி 3 இன்ச் விடணும், இல்ல லைட்டையே மாத்தணும். கால் வைக்கிறது மரச்சட்டத்துல மட்டும், நடுவுல வச்சா கீழ டைனிங் டேபிள் மேலதான் இறங்குவீங்க. மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை. வெயில் காலத்துல மதியம் ஏறாதீங்க, உள்ள 60 டிகிரி செல்சியஸ் போகும், மயங்கி விழுந்தா கீழ இருக்குறவங்களுக்குத் தெரியக்கூட செய்யாது.

ஓட்டையெல்லாம் அடைச்சு முடிச்ச வீட்டுல கேஸ் ஹீட்டர், கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தா புகை ஒழுங்கா சிம்னில மேல போகுதான்னு ஆளை வச்சு சோதிக்காம விடாதீங்க, இறுக்கமான வீட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா அந்தப் புகை திரும்பி வீட்டுக்குள்ள வரலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க. இதுல மட்டும் "பாத்துக்கலாம்"ங்கற பேச்சே வேணாம்.

அந்த நாலாவது வீட்டுல என்ன செஞ்சோம்னா, எக்ஸாஸ்ட் பைப்பை கூரை வழியா வெளிய எடுத்து அதுக்கும் இன்சுலேஷன் சுத்தினோம், நனைஞ்ச பஞ்சை மட்டும் மூட்டை கட்டி இறக்கினோம், பலகையைக் காயவிட்டு சுத்தம் பண்ணினோம், பதினேழு ஓட்டை அடைச்சோம், மூடிக்கு ஃபோம் போர்டு ஒட்டினோம், இறவாணத்துப் பக்கம் பாஃபிள் அடிச்சோம், மிச்ச பஞ்சை அப்படியே திருப்பி விரிச்சோம். வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தார், "மூணாவது லேயர் போடலையா தம்பி?" ஒரு மூட்டை கூட புதுசா வாங்கல சார், அடுத்த பில் வரட்டும்னு சொல்லிட்டு ஏணியை மடக்கினேன்.