மீன் இல்லாத இடத்திலும் மீனுக்கான வரைபடம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடலோர ஆறுகளில் கோஹோ சால்மன் மீன்கள் வெகுவாகக் குறைந்து, 1998இல் அழியும் ஆபத்தை நெருங்கும் இனமாக அவை அறிவிக்கப்பட்டபோது, எந்த ஓடையை முதலில் சீரமைப்பது என்ற கேள்வி எழுந்தது. மீன்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது மட்டும் இதற்கு விடையாகாது. அவை தங்கியிருப்பது சிறந்த இடமாக இல்லாமல், மனிதர்கள் விட்டுவைத்த இடமாகவும் இருக்கலாம்.

எனவே ஆய்வாளர்கள் நிலத்தையே கேட்டார்கள். நிலத்தின் உயர அளவுகளைக் கட்டம் கட்டமாகப் பதிந்த எண்ணியல் வரைபடத்திலிருந்து வடிநிலத்தின் ஓடைகள் அனைத்தையும் கணினியில் வரைந்து, அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பண்புகளைக் கணக்கிட்டார்கள்: ஆண்டுச் சராசரி நீரோட்டம், ஓடைப் படுகையின் வாட்டம் (சரிவு), ஓடையின் அகலத்தோடு ஒப்பிடும்போது பள்ளத்தாக்கு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. காடு வெட்டினாலும் சாலை போட்டாலும் இம்மூன்றும் எளிதில் மாறுவதில்லை. இவை ஒவ்வொன்றும் அந்த மீனுக்கு எவ்வளவு உகந்தது என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் இட்டு, அவற்றின் பெருக்குச் சராசரியை (மூன்றையும் பெருக்கி, அதன் கனமூலத்தை) எடுத்தால் அத்துண்டின் உள்ளார்ந்த வாழிடத் திறன் கிடைக்கிறது.

கூட்டுச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரியைத் தேர்ந்ததில்தான் உயிரியல் அடங்கியிருக்கிறது. மதிப்பெண்கள் 1, 1, 0.1 என்றால் கூட்டுச் சராசரி 0.7 என்று ஆறுதல் சொல்லும். பெருக்குச் சராசரியோ ஏறத்தாழ 0.46தான். ஒன்று சுழியானால் முழுவதும் சுழி. நீர் எவ்வளவு ஓடினாலும், மிகச் செங்குத்தான படுகையில் கோஹோக் குஞ்சு வளர முடியாது அல்லவா?

கோஹோவுக்கும், அதே ஆறுகளில் வாழும் ஸ்டீல்ஹெட் என்ற மீனுக்கும் விருப்பம் ஒன்றல்ல. ஓராண்டுக்கு மேல் நன்னீரில் வளரும் கோஹோக் குஞ்சுகளுக்குக் குளிர்கால வெள்ளத்தில் ஒதுங்கக் கிளை வாய்க்கால்களும் தேக்கங்களும் தேவைப்படுவதால், வாட்டம் குறைந்த அகன்ற பள்ளத்தாக்குகள் அதிக மதிப்பெண் பெறுகின்றன. ஸ்டீல்ஹெட்டுக்கோ வாட்டம் மிகுந்த, குறுகிய பள்ளத்தாக்குகள் ஏற்றவை. (ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் விடப்பட்ட வானவில் ட்ரவுட்டும் இதே இனம்தான், கடலுக்குச் சென்று திரும்பும் வடிவமே ஸ்டீல்ஹெட்.) ஆகவே ஒரே ஆற்றுக்கு இரண்டு வரைபடங்கள் வேண்டும்.

ஓரிகன் கடலோர வரைபடம் சங்கடமான ஓர் உண்மையையும் காட்டியது. ஸ்டீல்ஹெட்டுக்குச் சிறந்த ஓடைகளில் கணிசமானவை அரசுக் காடுகளுக்குள் இருக்க, கோஹோவுக்குச் சிறந்தவை பெரும்பாலும் தனியார் நிலத்தில், வேளாண்மையும் குடியிருப்பும் உள்ள சமவெளியில் இருந்தன. காட்டை மட்டும் காத்தால் கோஹோ மீளாது என்பது இதனால் தெளிவாயிற்று. என் பார்வையில் இம்முறையின் பெரும்பயன் இதுவே.

ஆனால் இவ்வரைபடம் நீரின் வெப்பத்தையோ, படுகையில் சரளைக்கல் உள்ளதா என்பதையோ, சாலைக்கு அடியில் பதித்த குழாய் மீனின் வழியை மறிப்பதையோ அறியாது. அவற்றைத் தனி அடுக்குகளாக அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். திறன் 0.75க்கு மேல் இருந்தும் குஞ்சுகள் இல்லாத துண்டு கண்ணில் பட்டால், களப்பணியாளர்கள் ஓடைக்குள் இறங்கி நடந்து, தடை எது என்று தேடத் தொடங்குகிறார்கள்.