டிராஃப்ட்: வரைவா, தெரிவா, ஆளெடுப்பா?

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கூடைப்பந்து என்றால் அவனுக்கு உயிர். போன வாரம் கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "மாமா, இது என்ன தமிழ்?" என்று கேட்டான். திரையில் இப்படி இருந்தது: "லூகா டோன்சிச் 2018 என்பிஏ வரைவில் மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்." அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யில் அணிகள் புது வீரர்களை வரிசைப்படி ஒவ்வொருவராக எடுப்பதுதான் டிராஃப்ட். அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வரைவு என்று படித்ததும்தான் குழம்பிப்போனான். அவனைப் பொறுத்தவரை வரைவு என்பது கட்டுரையைச் சுத்தமாக எழுதும் முன் கிறுக்கிப் பார்ப்பது.

குழப்பம் நியாயமானதுதான். ஒரே ஆங்கிலச் சொல் பல வேலை பார்க்கும்போது, ஏதோ ஒரு வேலைக்கு உண்டான தமிழை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறோம். டிராஃப்டுக்கு நடந்தது அதுதான்.

டிரா (draw), டிராக் (drag), டிராஃப்ட் (draft) மூன்றும் பழைய ஆங்கிலத்தின் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேருக்குப் பொருள் 'இழு'. வண்டி இழுக்கும் குதிரையும் டிராஃப்ட்தான், பீப்பாயிலிருந்து குழாய் வழியாக இழுக்கும் பியரும் டிராஃப்ட்தான், ஜன்னல் இடுக்கில் இழுக்கும் குளிர்காற்றும் டிராஃப்ட்தான். படம் வரைவதற்கு டிரா என்று பெயர் வந்ததும் எழுதுகோலை இழுப்பதால்தான். நாமும் 'கோடு இழு' என்று சொல்கிறோம் இல்லையா? கோடு இழுத்து முதலில் போடும் உருவமும், முதலில் எழுதிப் பார்க்கும் பிரதியும் டிராஃப்ட் ஆயின. தமிழில் வரைவு என்பது இந்தக் கிளைக்குச் சரியான சொல். சட்ட வரைவு, வரைவு வாக்காளர் பட்டியல் எல்லாம் நன்றாகவே ஒலிக்கின்றன. வங்கியில் பணத்தை இழுக்கும் தாள் வரைவோலை ஆனது. ஆனால் கல்லூரி விண்ணப்பத்துக்காக வங்கிக்குப் போனவர்கள் யாரும் 'வரைவோலை வரைந்தேன்' என்று சொன்னதில்லை. 'டி.டி. எடுத்தேன்' என்றுதான் சொன்னோம். இந்த 'எடுத்தேன்' பின்னால் தேவைப்படும்.

விளையாட்டு டிராஃப்ட் வேறு கிளை. பெரிய படையிலிருந்து ஒரு வேலைக்காகச் சிலரை மட்டும் பிரித்து இழுப்பதற்கு இந்தச் சொல்லை ராணுவத்தில் பயன்படுத்தினார்கள். அப்புறம் குடிமக்களையே படைக்கு இழுப்பதற்கு அது பெயராயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-இல் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. உருளையைச் சுழற்றி அதிலிருந்து பெயர்ச்சீட்டுகளை எடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் பெருங்கலவரமே வெடித்தது. வியட்நாம் போருக்காக 1969 டிசம்பர் 1 அன்று கண்ணாடிக் குடுவையிலிருந்து பிறந்த தேதிகளை எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அமெரிக்கர் காதில் டிராஃப்ட் என்ற சொல் முதலில் எழுப்புவது இந்த நினைவைத்தான்.

இதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். அமெரிக்கக் கால்பந்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். அவர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல வீரர்கள் ஏற்கெனவே ஜெயிக்கிற அணிகளுக்கே போனார்கள். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கே ஆள் எடுக்கும் முதல் உரிமை தர வேண்டும் என்று 1935-இல் அவர் கேட்டார், மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. என்பிஏ-யின் முன்னோடிச் சங்கம் 1947-இல் முதல் டிராஃப்டை நடத்தியது. அதில் முதலில் எடுக்கப்பட்ட கிளிஃப்டன் மெக்நீலியும் வரவில்லை. பள்ளிப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

இந்த இரண்டு செய்திகளையும் பொருளில்லாமல் சொல்லவில்லை. டிராஃப்டில் அணிக்குக் கிடைப்பது ஆள் இல்லை. அந்த ஆளோடு பேசி ஒப்பந்தம் போடும் தனி உரிமைதான் கிடைக்கிறது. இதனால்தான் அது ஐபிஎல் ஏலத்திலிருந்து வேறுபடுகிறது. ஏலத்தில் காசு பேசும். டிராஃப்டில் வரிசை பேசும். நமக்கும் ஒருமுறை இது நேர்ந்திருக்கிறது. சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டு தடை செய்யப்பட்டபோது, 2015 டிசம்பரில் அவற்றின் வீரர்களைப் புனேயும் குஜராத்தும் மாறி மாறி எடுத்தன. முதல் ஆளாகத் தோனியைப் புனே எடுத்தது. அடுத்து ரெய்னாவைக் குஜராத் எடுத்தது. அஷ்வின் புனேக்கு, ஜடேஜா குஜராத்துக்கு. அன்று சென்னை ரசிகர்கள் பார்த்தது அசல் டிராஃப்ட்.

இனி டோன்சிச்சுக்கு வருவோம். சொல்லின் அருமை அங்கேதான் விளங்கும்.

ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் 1999-இல் பிறந்தவர். 13 வயதில் ரியல் மாட்ரிட் கழகத்துக்குப் போனார், 16 வயதில் பெரியவர்கள் அணியில் இறங்கினார். 2017-இல் ஸ்லோவேனியா ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2018 மே மாதம் பெல்கிரேடில் ரியல் மாட்ரிட், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோலீக் கோப்பையை வென்றது. அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் 19 வயதுப் பையனுக்கே. என்பிஏ-யை விட்டால் உலகில் அதைவிடக் கடினமான போட்டி இல்லை. ஜூன் மாதம் ஸ்பெயின் லீக் கோப்பையையும் வாங்கிக்கொண்டு, ஜூன் 21 அன்று புரூக்ளினில் டிராஃப்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

இவ்வளவு இருந்தும் ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். வேகம் போதாது, துள்ளல் போதாது, அமெரிக்கத் தடுப்பாளர்கள் முன்னால் இந்த ஆட்டம் எடுபடாது, இதற்கு மேல் இவன் வளரப்போவதில்லை என்றது ஒரு கூட்டம். பந்தைப் பிடித்ததும் ஆட்டமே அவன் சொன்ன வேகத்தில் நடக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தின் கையில் ஒரு பெயர் எப்போதும் தயாராக இருந்தது: டார்கோ மிலிசிச். 2003-இல் இந்தச் செர்பியரை டெட்ராய்ட் அணி இரண்டாவது ஆளாக எடுத்தது. கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் ஆகிய மூவரும் அவருக்கு அடுத்து வரிசையாக எடுக்கப்பட்டவர்கள். அந்த மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். மிலிசிச் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து எந்தப் பையன் வந்தாலும் அவன் மேல் மிலிசிச்சின் நிழல் விழுந்தது.

இந்த ஒப்பீடு தப்பு என்பது என் கருத்து. தப்பு நடந்ததற்கு ஒரு சொல்லும் காரணம். இருவரையுமே 'ப்ராஸ்பெக்ட்' என்றார்கள். லத்தீனில் 'முன்னே பார்ப்பது' என்று அதற்குப் பொருள். தொலைவில் தெரியும் காட்சிக்கு முதலில் பெயராக இருந்தது, பிறகு எதிர்பார்ப்புக்குப் பெயரானது. மண்ணுக்குள் தங்கம் இருக்குமா என்று தேடிப் பார்ப்பதற்கும் அதே சொல். மிலிசிச் நாற்று. பெரிய போட்டிகளில் அதிகம் சோதித்துப் பார்க்கப்படாதவர். டோன்சிச் கதிர் விட்ட பயிர். மூன்று ஆண்டுகளாகப் பெரியவர்களோடு மோதி, கோப்பைகளைக் கையில் வைத்திருந்தவர். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு, 'போன தடவை முளைக்கவில்லையே' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ப்ராஸ்பெக்டுக்கு நம் பத்திரிகைகள் 'வருங்கால நட்சத்திரம்' என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கு நடக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஆடுகளத்து ஓரமாக நிற்கும் பயிற்சியாளர்கள் சொல்வது இன்னும் நல்ல தமிழ்: "பையன் நல்லா வருவான்." அதைப் பெயர்ச்சொல்லாக்க வேண்டுமென்றால் வளர்பிறை மாதிரி 'வளர்வீரர்' என்று சொல்லலாம். வினைத்தொகை என்பதால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். டோன்சிச்சைப் பற்றிய சண்டையே அவர் வளர்ந்த வீரரா, வளரும் வீரரா என்பதுதானே.

அன்றிரவு ஃபீனிக்ஸ் முதல் ஆளாக டியாண்ட்ரே எய்ட்டனை எடுத்தது. அந்த அணியின் புதிய பயிற்சியாளர் இகோர் கோகோஷ்கோவ், 2017-இல் ஸ்லோவேனியாவின் பயிற்சியாளராக இருந்தவர். டோன்சிச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் அங்கேயே இருந்தும் எடுக்கவில்லை. சாக்ரமென்டோ மார்வின் பேக்லியை எடுத்தது. அட்லாண்டா டோன்சிச்சை எடுத்து, அன்றே டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டு, டிரே யங்கையும் அடுத்த ஆண்டின் ஒரு முதல் சுற்று உரிமையையும் வாங்கிக்கொண்டது. 2019-இல் டோன்சிச் சிறந்த புதுமுகம். 2024-இல் டல்லாஸை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். எய்ட்டன் 2021-இல் ஃபீனிக்ஸோடு இறுதிப்போட்டி ஆடினார், அதனால் அங்கே ஓரளவு ஆறுதல் உண்டு. பேக்லி 2022-இல் சாக்ரமென்டோவை விட்டே போய்விட்டார்.

சரி, டிராஃப்டுக்குத் தமிழ் என்ன? வரைவை அப்படியே தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பழந்தமிழில் வரைதல் என்றால் எழுதுவது மட்டுமில்லை. ஒருத்தியைத் தனக்கு உரியவள் என்று ஊரறிய மணந்துகொள்வதும் வரைதல்தான். அகப்பாடல்களுக்கு அடியில் 'வரைவு கடாதல்' என்று துறைக்குறிப்பு இருக்கும். சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கொள் என்று தோழி தலைவனை நெருக்குவது அது. மணத்தை இடையில் நிறுத்திவைத்துத் தலைவன் பொருள் தேடிப் பிரிவதற்கும் தனித் துறை உண்டு. டிராஃப்டிலும் இது அப்படியே நடக்கிறது. 2014-இல் டென்வர் 41-ஆவது ஆளாக எடுத்த நிகோலா யோகிச், இன்னும் ஓராண்டு செர்பியாவில் ஆடிவிட்டு 2015-இல்தான் வந்தார். ரியல் மாட்ரிடின் நிகோலா மிரோடிச்சை 2011-இல் எடுத்தார்கள், அவர் வந்தது 2014-இல். உரிமை உறுதியாகிவிட்டது, ஆள் வருவதற்குக் காலம் ஆகும். இந்தப் பொருளில் வரைவு என்பது அழகாகவே பொருந்துகிறது. ஆனால் இன்று படிப்பவர் மனதில் அந்தப் பொருள் எழாதே. என் மருமகனுக்கு எழவில்லை.

'தேர்வு' என்றால் பரீட்சை வந்து குறுக்கே நிற்கும். 'தெரிவு' அதைவிட மேல், ஈழத் தமிழில் அன்றாடம் புழங்கும் சொல். ஆனால் எந்தத் தேர்ந்தெடுப்புக்கும் அது பொதுவானது. டிராஃப்டின் இழுப்பு அதில் இல்லை. சிறுவர் விளையாட்டில் 'உத்தி பிரித்தல்' உண்டு. சம பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து தலைவனிடம் 'மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா' என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக வேண்டும் என்ற நோக்கம் பெர்ட் பெல் நினைத்ததேதான். ஆனால் உத்தியில் எடுப்பவனுக்குத் தான் யாரை எடுக்கிறோம் என்பது தெரியாது. டிராஃப்டிலோ தெரிந்தேதான் எடுக்கிறார்கள். அதனால்தான் பழியும் வருகிறது.

நான் நிற்பது 'ஆளெடுப்பு' பக்கம். 'பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்' என்று ஊரில் சொல்வது இன்றும் காதில் விழுகிறது. படைக்கு இழுத்தல் என்ற அந்த ஆங்கிலக் கிளைப் பொருளும், டி.டி. எடுத்த நம் 'எடுத்த'லும் இந்தச் சொல்லில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இதை வைத்து மற்றச் சொற்களும் தாமாக அமைகின்றன. முதல் பிக் என்பது முதல் எடுப்பு. வரிசையை முடிவுசெய்யும் லாட்டரி, எடுப்புக் குலுக்கல். வெளிநாட்டு வீரர் 22 வயதாகும் ஆண்டில் தானாகவே ஆளெடுப்புக்கு உரியவர் ஆகிறார். அதற்கு முன்பே வர நினைப்பவர் பெயர் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'டிக்ளேர்' என்பதை 'அறிவித்தார்' என்று எழுதி எதை அறிவித்தார் என்று வாசகரைத் தேடவிட வேண்டியதில்லை. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது நமக்குப் பழகியதுதான். மனம் மாறினால் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

மருமகன் காட்டிய வாக்கியத்தை இப்படி மாற்றி அவனுக்கு அனுப்பினேன்: "2018 ஆளெடுப்புக்குப் பெயர் கொடுத்த லூகா டோன்சிச்சை அட்லாண்டா மூன்றாவது ஆளாக எடுத்து, அன்றே டல்லாஸுக்குக் கைமாற்றியது." ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. சொல்லைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "மாமா, சாக்ரமென்டோ ஏன் எடுக்கல?"